கண்ணாடியின் மேல் வைத்த பொட்டு

ஈப்போ நகரின் ஓரத்தில், சுண்ணாம்புக் குன்றுகளுக்கு முன்னால், ஒரு பெரிய வீடு இருக்கிறது. ஈயத்திலும் ரப்பரிலும் செல்வம் சேர்த்த சீன வணிகக் குடும்பம் ஒன்றின் வீடு அது. எழுபதுகளின் பிற்பகுதியில் அந்தக் குடும்பத்தார் அதை அருங்காட்சியகமாக மாற்றிப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். திறந்து சில மாதங்களுக்குப் பின் நான் அதைப் பார்க்கப் போனேன். ஆனால் நான் பிறந்ததே அந்த வீட்டில்தான். அதன் முன்வாசற்படியை அன்றுதான் முதன்முதலாக மிதித்தேன்.

என் தகப்பனார் சுங்கை சிப்புட்டுக்கு அருகில், அதே குடும்பத்துக்குச் சொந்தமான தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தவர். மரத்துப் பாலை ஏந்தும் மங்குகளில் உடைந்தவற்றைப் பொறுக்கிவந்து, தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலில் அவற்றில் ரோஜாப் பதியன் போட்டு வளர்த்தாராம். தோட்டத்தைப் பார்வையிட வந்த முதலாளியின் கண்ணில் அது பட்டது. ஈப்போ வீட்டுப் பூந்தோட்டத்தைக் கவனிப்பதற்காக அவரைக் கையோடு அழைத்துவந்துவிட்டார். மாளிகையின் பின்புறம், கிணற்றை அடுத்திருந்த ஓர் அறையில் என் பெற்றோர் குடியிருந்தார்கள். எனக்கு எட்டு வயது நடக்கையில் தகப்பனார் காய்ச்சலில் இறந்தார். அம்மா தோட்டத்துக்கே திரும்பிப் போய் மரம் சீவினார். நான் ஈப்போவிலேயே, புந்தோங்கில் மாமா வீட்டில் தங்கிப் படித்தேன்.

அந்தப் படிப்பு எனக்கு வந்த வழியைச் சொல்லவேண்டும். சீன முதலாளியைத் தவுக்கே என்பது தோட்டத்து வழக்கம். அவர் மனைவி அம்மாவுக்குத் தவுக்கேம்மா. அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குச் சீனம் தெரியாது. இருவரும் பேசிக்கொண்டது சந்தை மலாயில். ஒரு நாள் காலையில் தவுக்கேம்மா பின்வாசலுக்கு வந்து என்னை அருகில் அழைத்து, விரல் நகங்களைப் பார்த்து, தாமே வெட்டிவிட்டு, காரில் ஏற்றிக்கொண்டு போனார். நகரத்துப் பெண்கள் பள்ளியொன்றில் தலைமையாசிரியைக்கு எதிரே, என் பெயர் எழுதப்படும்வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். எனக்கு அந்தக் காரின் தோல் இருக்கை மட்டுமே நினைவில் இருக்கிறது. மற்றவை அம்மா சொல்லிக் கேட்டவை.

தவுக்கேம்மா தம் கணவருக்கு முந்தி இறந்தார். செய்தி தோட்டத்துக்கு வந்துசேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. "சுமங்கலியா போன மகராசி. மொகத்துக்கு ஒரு பொட்டு வைக்க எனக்குக் குடுத்து வைக்கலியே" என்று அம்மா அதன்பின் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். சீனர் வீட்டு இறப்பில் பொட்டுக்கு இடமில்லை என்று நான் ஒருமுறை விளக்க முயன்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில், இவள் இதைக்கூடப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்ற வியப்பு இருந்தது.

ஆகவே, அந்த வீடு திறந்துவிடப்பட்டதையும், குடும்பத்தாரின் படங்கள் கூடத்தில் மாட்டப்பட்டிருப்பதையும் நாளிதழிலிருந்து நான் வாசித்துக் காட்டியபோது, அம்மாவுக்கு அங்கே செய்யவேண்டிய காரியம் ஒன்றே ஒன்றாக இருந்தது. எப்போது போகலாம் என்று அவர் கேட்கத் தொடங்கினார்.

அப்போது நான் ஈப்போவில் ஓர் இடைநிலைப் பள்ளி ஆசிரியை. திருமணமாகிக் குனோங் ராபாட்டில் வரிசை வீடொன்றில் இருந்தோம். அம்மாவும் எங்களோடு இருந்தார். ஆசிரியர் அறையில் யாராவது ஊர் கேட்டால், என் தகப்பனார் ஈப்போவில் ஒரு கம்பெனியில் இருந்தார் என்று சொல்வேன். முதலாளிக்குக் கம்பெனி இருந்தது. தகப்பனார் அவரிடம் இருந்தார். இந்த வாக்கியத்தில் பொய் என்று எந்தச் சொல்லையும் தனியே பிடித்துக் காட்ட முடியாதபடி அதை நான் அமைத்திருந்தேன்.

அதே பள்ளியில் வரலாறு கற்பித்த ஆசிரியை ஒருவரிடம் எனக்குப் பெருமதிப்பு இருந்தது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நகரத்துக் கிறிஸ்துவக் குடும்பத்தவர். நான் அவரை அக்கா என்று அழைப்பேன். அவர் புத்தகங்களை இரவல் தருவார். திருப்பித் தரும்போது அவற்றைப் பற்றி ஏதாவது நன்றாகச் சொல்லவேண்டுமே என்று முதல் நாளே மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். பள்ளி விடுமுறையில் அந்த மாளிகையைப் பார்க்கத் தம் காரில் போவதாகவும் நானும் வரலாம் என்றும் அவர் சொன்னார். அம்மாவை வேறொரு நாள் பஸ்ஸில் நான் தனியே அழைத்துப் போயிருக்கவேண்டும். அக்காவோடு போகும் ஆசையில் சரி என்றேன். வீட்டில் இதைச் சொன்னவுடன் அம்மா, வெள்ளிக்கிழமையா, நல்ல நாள் என்றார். நீங்கள் வரவேண்டாம் என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா தலைக்குக் குளித்து, வெளிர் நீலச் சேலை உடுத்திக்கொண்டு, அக்கா ஹாரன் அடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பே வாசற்கதவருகில் நின்றார். காரில் அவர் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். அக்கா அன்போடு ஏதேதோ கேட்டார். முட்டிவலி எப்படி, இரவில் தூக்கம் வருகிறதா, புந்தோங் கோயில் திருவிழாவுக்குப் போவதுண்டா. அம்மா எல்லாவற்றுக்கும் ஒரு சொல்லிலே பதில் சொன்னார். என்ன சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று நான் அவரிடம் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. அவருக்கே அது தெரிந்திருந்தது.

கார் முகப்பில் நின்றது. அகன்ற படிகள், இருபுறமும் வெள்ளைத் தூண்கள். அக்கா கதவைப் பூட்டிக்கொண்டிருக்கையில், அம்மா படிகளை நோக்கித் திரும்பாமல் வீட்டின் பக்கவாட்டில் சரளைக்கல் பாதையில் நடக்கத் தொடங்கினார். அவருக்கு யோசனையே இல்லை. கால் பழகிய வழியில் போயிற்று. அந்த வீட்டில் ஒன்பது ஆண்டுகள் இருந்தவர், பின்வாசல் வழியாக அன்றி ஒருமுறையேனும் உள்ளே போயிருக்க மாட்டார்.

"அம்மா எங்க போறாங்க?" என்று அக்கா கேட்டார்.

"டாய்லெட் தேடுறாங்க போல இருக்கு" என்றேன்.

என் வாயில் அது எவ்வளவு விரைவாக வந்தது என்பதை நினைத்தால் இன்றும் முகம் சுடுகிறது. ஆள் வைத்து யோசித்தாலும் அவ்வளவு பொருத்தமான பொய் கிடைத்திருக்காது. அக்கா தலையசைத்துவிட்டுப் படியேறினார். நான் பின்தொடர்ந்தேன். சற்று நேரத்தில் அம்மா சமையற்கட்டுப் பக்கமிருந்து கூடத்துக்குள் வந்தார். செருப்பைப் பின்படியிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்திருந்தார்.

கூடத்தின் தரையில் பூக்கோலம் போட்ட ஓடுகள். முத்துச்சிப்பி பதித்த கருமர நாற்காலிகள் சுவரோரம் வரிசையாக, யாரும் உட்காராதபடி சிவப்புக் கயிறு கட்டி வைக்கப்பட்டிருந்தன. அக்கா குனிந்து ஓடுகளைப் பார்த்தார். இவை கப்பலில் வந்தவை என்றார். அம்மா தூண்களையும் மேல்மாடத்தையும் அண்ணாந்து பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி, "இதெல்லாம் இன்னிக்குத்தான் எனக்கே தெரியுது" என்றார். அந்தக் குரலில் குறை ஏதும் இல்லை. ஒரு கல்யாண வீட்டுக்கு வந்தவர் பேசுவதுபோல இருந்தது.

கூடத்தை அடுத்த அறையில் இடுப்புயரச் சாடி ஒன்று கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தது. அரிசி மது ஊறவைத்த சாடி என்று அதன் அட்டையில் எழுதியிருந்தது. அக்கா அதை அம்மாவுக்காகத் தமிழில் சொன்னார். அம்மா தமக்குத்தாமே பேசிக்கொள்வதுபோல், "உப்பு முட்ட போட்டு வைக்கிறது" என்றார்.

அக்கா சட்டென்று திரும்பினார். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "அப்படியாம்மா? எப்படித் தெரியும்?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் சாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சும்மா சொன்னேன்மா" என்றார் அம்மா.

அக்கா சிரித்தபடி அடுத்த அறைக்குப் போனார். எனக்காக அம்மா ஒரு பொய்யைச் சொல்லிவிட்டார். வாழ்நாளில் சங்கடத்துக்குக்கூடப் பொய் சொல்லாதவர், பெற்ற மகளின் பக்கவாட்டு முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு சொன்ன பொய் அது. அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம். உப்பு முட்டைதான், அக்கா, நாங்கள் இங்கே இருந்தவர்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்திருக்கலாம். எனக்குத் தோன்றியதெல்லாம், நல்லவேளை, தப்பித்தோம் என்பதுதான்.

உள்கூடத்தில் முன்னோர் படங்கள் இருந்தன. நடுவில் முதலாளி, அவருக்கு வலப்புறம் தவுக்கேம்மா. வண்ணம் தீட்டிய பெரிய புகைப்படம், கண்ணாடி போட்டது. உயர்ந்த கழுத்துப் பட்டியுள்ள மேலாடை, வழித்து வாரிய தலை, மடியில் மடித்த கைகள். கீழே ஒரு சிறு மேசையில் மணல் நிரம்பிய கிண்ணமும் எரிந்து தீர்ந்த ஊதுபத்திக் குச்சிகளும் இருந்தன. தொடவேண்டாம் என்று மூன்று மொழிகளில் எழுதிய பலகையும் இருந்தது. அக்கா பக்கத்து அறையில் பழைய தேசப்படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காலணிச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

அம்மா படத்துக்கு எதிரே நின்றார். நெடுநேரம் நின்றதாக எனக்குத் தோன்றியது. பிறகு சேலை முந்தானை முடிச்சை அவிழ்த்து, நாளிதழ்த் துண்டில் மடித்த சிறு பொட்டலத்தை எடுத்தார். புந்தோங் அம்மன் கோயில் குங்குமம். அதை என் பக்கம் நீட்டினார்.

"நீ வச்சி விடு. நான் வைக்கக் கூடாது."

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. தகப்பனார் இறந்த நாளிலிருந்து அம்மா குங்குமத்தைத் தொட்டதில்லை. பிறர் நெற்றியில் வைத்துவிட்டதும் இல்லை. என் திருமணத்தன்றும் ஒதுங்கியே நின்றார். சுமங்கலியாகப் போனவருக்குப் பொட்டு வைக்க ஒரு சுமங்கலியின் கை வேண்டும். அதற்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்து, பஸ் பிடித்துத் தனியே வராமல், என்னை அழைத்துப் போகச் சொன்னார். இது எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. உறைத்தும் நான் கையை நீட்டவில்லை.

"இது கோயில் இல்லம்மா. மியூசியம். தொடக்கூடாதுன்னு எழுதியிருக்கு."

"கண்ணாடி மேலதானே."

"யாராச்சும் பாத்தா என்ன நெனைப்பாங்க? இன்னொரு நாள் வருவோம்."

அம்மா பொட்டலத்தைச் சிறிது நேரம் நீட்டியபடியே இருந்தார். பிறகு கையை மடக்கிக்கொண்டார். முடிந்தது என்று நினைத்து நான் பக்கத்து அறை வாசலைப் பார்த்தேன். திரும்புவதற்குள் அவர் மோதிர விரலால் குங்குமத்தைத் தொட்டு, கால் பெருவிரல் நுனியில் ஊன்றி எழும்பி, தவுக்கேம்மாவின் நெற்றி இருக்கும் இடத்தில், கண்ணாடியின் மேல், வட்டமாக ஒரு பொட்டு வைத்துவிட்டார். இருபத்தைந்து ஆண்டுகளாகக் குங்குமம் தொடாத விரல். கைகூப்பி நின்றார். உதடுகள் அசைந்தன.

அப்போது இரண்டு காலடிச் சத்தங்கள் ஒருசேரக் கேட்டன. ஒன்று அக்காவுடையது. மற்றொன்று ஆண் காலணி, காவலர். முகப்பில் நுழைவுச் சீட்டு கிழித்துக் கொடுத்த மலாய்க்காரர்.

"தொடச்சிருங்கம்மா" என்றேன்.

அம்மா அசையவில்லை. "வச்ச கையால அழிக்க மாட்டேன்" என்றார், மெதுவாக.

நான் கைக்குட்டையை எடுத்தேன். உலர்ந்த துணி குங்குமத்தை இழுத்துக்கொண்டு போயிற்று; அந்த முகத்தின் மேல் நெற்றியிலிருந்து கன்னம்வரை சிவப்பாகத் தீற்றியது. பதறிப்போய்க் கைக்குட்டையின் முனையை நாக்கில் வைத்து நனைத்து, மறுபடி தேய்த்தேன். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போன பெண்ணின் முகத்தை எச்சில் துணியால் துடைத்தேன். என் நெற்றியில் என் பொட்டு இருந்தது.

காவலர் வந்து நின்றார். கண்ணாடியைப் பார்த்தார், என் கைக்குட்டையைப் பார்த்தார். தொழுகைக்காக இன்னும் பத்து நிமிடத்தில் கதவை மூடவேண்டும், அதைச் சொல்லத்தான் வந்தேன் என்று மலாயில் சொன்னார். பிறகு, போகிற போக்கில், இதை ஏன் துடைத்தீர்கள் என்றார். சீனக் கிழவிகள் ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போவதுண்டாம். அவர் எதையும் தடுப்பதில்லையாம். மாலையில் பூட்டும்போது எடுத்துவிடுவாராம். பொட்டும் மாலைவரை இருந்திருக்கும்.

அக்கா படத்தின் அருகே வந்து, இவர் யார் என்று கேட்டார்.

"இந்த வீட்டம்மா" என்றேன். அதற்குமேல் ஒரு சொல் சேர்க்கவில்லை.

அம்மா ஏற்கெனவே சமையற்கட்டுப் பக்கமாகத் தம் செருப்பை எடுக்கப் போய்க்கொண்டிருந்தார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அக்கா ஓடுகளைப் பற்றிப் பேசினார். நான் பொருத்தமான இடங்களில் பதில் சொன்னேன். அன்று மாலை அம்மா கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது அருகில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன்; ஆனால், அந்த ஆள் சத்தம் போடுவார் என்று பயந்துவிட்டேன் என்று காரணம் சொன்னேன்.

"அழிக்கச் சொல்லி ஒன்ன யாரும் கேக்கலியே" என்றார் அம்மா. கோபத்தோடு சொல்லவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்பவர்போல இருந்தது.

அடுத்த வாரம் நாம் இருவரும் பஸ்ஸில் போகலாம், நானே என் கையால் வைக்கிறேன் என்றேன். அம்மா ஒரு சேலையை நான்காக மடித்து முடித்தபிறகே பேசினார்.

"வேணாம்லா. ஒரு தடவ வச்சு அழிச்சாச்சு. இனி போயி அந்தம்மா மொகத்துல எப்புடி முழிப்பேன்? நீ தப்பா எடுத்துக்காத. ஒனக்கு நாலு பேரு பாக்குற வேல."

அதன்பின் அவர் தவுக்கேம்மாவைப் பற்றிப் பேசவே இல்லை. பொட்டு வைக்கக் கொடுத்து வைக்கவில்லை என்ற பழைய பேச்சும் நின்றுபோயிற்று. நானும் கேட்கவில்லை. எண்பதுகளின் நடுவில், நோய் என்று ஒரு வாரம்கூடப் படுக்காமல், அம்மா இறந்தார்.

காரியங்கள் முடிந்து பள்ளிக்குத் திரும்பிய வாரத்தில், ஆசிரியர் அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்த வேளையில், அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பின்பக்கத்து அறை, தகப்பனாரின் கெபுன் என்ற தோட்டக்காரர் வேலை, பள்ளியில் சேர்த்தது, பொட்டு, கைக்குட்டை, எச்சில். அவர் குறுக்கிடாமல் கேட்டார். என்னை எப்படி நினைப்பாரோ என்று அத்தனை ஆண்டுகள் அஞ்சியவள், இப்போது அவர் என்னைக் கடிந்துகொள்ளவேண்டும் என்று காத்திருந்தேன்.

"அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்றார். "நான் அவங்கள விட்டிருக்கவே மாட்டேன் லா. ஒவ்வொரு ரூமா நிக்க வச்சுக் கேட்டிருப்பேன்."

அடுத்த விடுமுறையில் அவர் மீண்டும் அந்த வீட்டுக்குப் புறப்பட்டார். இம்முறை வீட்டின் பின்பக்கத்தைப் பார்க்கவேண்டும் என்றார். கையில் குறிப்பேடு வைத்திருந்தார். வீட்டின் பெருமைகளைப் பலரும் எழுதிவிட்டார்கள், அதில் வேலை செய்தவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை, நீ சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன் என்றார். அவர் பேச்சில் என்மேல் ஒரு மரியாதை இருந்தது. அது எனக்கு உரியதன்று என்று சொல்ல நா எழவில்லை.

பக்கவாட்டுச் சரளைப் பாதையில் நடந்தோம். கிணற்றுக்கு இரும்பு மூடி போட்டிருந்தார்கள். வரிசையாக நான்கு அறைகள் இருந்தன, கதவுகளில் பூட்டு. அக்கா பேனாவைத் திறந்துகொண்டார்.

உங்கள் அறை எது என்று கேட்டார். கிணற்றை ஒட்டியது என்றேன். கிணற்றுக்கு இருபுறமும் அறைகள் இருந்தன. மற்ற அறைகளில் யார் இருந்தார்கள் என்றார். ஒரு சமையல்காரப் பெண்மணி இருந்த நினைவு, பெயர் தெரியாது என்றேன். தோட்டத்திலிருந்து வேறு யாரையாவது அழைத்துவந்தார்களா, அப்பா இங்கே என்னென்ன பூ வளர்த்தார், அம்மாவுக்கும் வீட்டுக்குள் வேலை இருந்ததா, தவுக்கேம்மாவும் அம்மாவும் எதைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். ஒவ்வொன்றாகக் கேட்டார், ஒவ்வொன்றுக்கும் காத்திருந்தார்.

அந்த வீட்டில் இருந்ததை மறைத்து வைத்த காலமெல்லாம் அதைப் பற்றி நான் அம்மாவிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. கேட்டால் அது இருந்ததாகிவிடும் என்று நினைத்திருப்பேன். அம்மா ஒரே வீட்டில் என்னோடு ஒன்பது ஆண்டுகள், மாலைதோறும் துணி மடித்துக்கொண்டு, கேட்டால் சொல்லக்கூடியவராக இருந்தார்.

"தெரியலக்கா" என்றேன்.

அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார். அதற்கும் அதையே சொன்னேன். ஐந்தாறு கேள்விகளுக்குப் பிறகு அவர் நிறுத்திக்கொண்டார். குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தில் தேதியும் வீட்டின் பெயரும் மட்டும் இருந்தன. அக்கா அதை மூடாமல், நான் இன்னும் ஏதாவது நினைவுபடுத்திக்கொள்வேன் என்று, வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.